முப்பத்தெட்டு அடி ஆழம்

நான் மீன் பிடிப்பவன் அல்லன். யாரோ பிடித்த மீனைக் கையில் வைத்துப் படம் எடுப்பவன். இந்த வித்தியாசத்தைச் சம்பந்தியாகப் போகிறவரிடம் மறைக்கப்போய் நான் பட்ட வெட்கம் ஆறு வருடமாகியும் தீரவில்லை.

என்னோடு வேலை செய்யும் லூக் பக்கத்து ஊரான கர்க்லாண்டில் இருக்கிறான். அவனிடம் சின்ன மோட்டார் படகு ஒன்று உண்டு. மூன்று தடவை என்னைச் சென் லூயி ஏரிக்குக் கூட்டிப்போனான். ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனை அவன் பிடிப்பான். நான் தூக்கிவைத்துச் சிரிப்பேன். படம் முகநூலில் ஏறும். (யார் பிடித்தது என்று கீழே எழுத வேண்டுமென்று சட்டமில்லை.)

அந்த ஒக்டோபரில் அருளப்பு அண்ணை திருகோணமலையிலிருந்து வந்திருந்தார். இங்கே இருக்கும் அவருடைய மகனைத்தான் கட்டுவேன் என்று என் மகள் நிலா சொல்லியிருந்தாள். பெரியவர் எங்களோடு கொஞ்சம் பழகிப் பார்த்தபின் பேச்சை முடிக்கலாம் என்பது ஏற்பாடு. ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டில் தேநீர் குடித்தபடி படங்களைப் பார்த்தார்.

"தம்பி நல்லா மீன் பிடிப்பீங்கள் போல. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"அதுக்கென்ன அண்ணை, சனிக்கிழமை போவம்" என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையைக் கவனிக்காதது போல் இருந்துவிட்டேன்.

லூக் படகைத் தந்தான். மத்தியானம் துறைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். குளிர் தொடங்கினால் பாஸ் ஆழத்துக்கு இறங்கிவிடும், ஆழம் காட்டும் மெஷினைப் பார்த்து முப்பது நாற்பது அடியில் தூண்டில் போடு என்பது அவன் பாடம். ஏரியில் கொஞ்சத் தூரம் போனதும் அந்த மெஷினின் பொத்தான்களைக் கண்டபடி அமுக்கினேன். திரை விழித்துக்கொண்டது. முப்பத்தெட்டு அடி. கொழுத்த மீன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"இதுதான் இடம்" என்று, பிறந்ததிலிருந்து அந்த ஏரியிலேயே வாழ்ந்தவன்போலச் சொன்னேன். அருளப்பு அண்ணை நங்கூரத்தை இறக்கினார்.

இரண்டு மணித்தியாலம் ஒன்றும் கொத்தவில்லை. திரையில் மீன் தெரியும்போதெல்லாம் "வருது, அசையாதேங்கோ" என்பேன். அவர் அசையாமல் இருப்பார். கடைசியில் பாசி வரும்.

"தம்பி, நங்கூரக் கயிறு ஒண்டரைப் பாகத்தில நிண்டிட்டுது. ஒன்பது அடிதான் வரும். ஆழம் இன்னும் வெளியால போலக் கிடக்கு."

"மெஷின் முப்பத்தெட்டு எண்டு காட்டுது, அண்ணை."

"மெஷின் சில நேரம்..."

அந்த நேரம் பார்த்து மனைவி தொலைபேசியில் வந்து, குழம்பைக் கூட்டி வைக்கட்டோ என்று கேட்டாள். வை என்றேன். விரல்கள் விறைத்திருந்தன. மீனும் இல்லை, மானமும் போய்க்கொண்டிருந்தது. திரும்பி அவரிடம் சொன்னேன்:

"கரைவலை இழுத்த ஆக்களுக்கு இந்த மெஷின் விளங்காது, அண்ணை."

அவருடைய அப்பா கடற்கரையில் நின்று கரைவலை இழுத்தவர். எங்கள் மேசையில் இருந்து அவரே அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார். மறந்துபோய் நான் சொல்லவில்லை. நினைவு வைத்துத்தான் சொன்னேன். (இதற்கு அடைப்புக்குறிக்குள் போட என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.)

அவர் தூண்டிலில் சிக்கிய பாசியைக் கழற்றிவிட்டு, தூண்டிலை மறுபடியும் தண்ணீரில் போட்டார்.

மத்தியானம் வெறும் வாளியோடு துறைக்கு வந்தோம். லூக் முழங்காலளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக் கட்டினான். திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். திரையில் இன்னும் முப்பத்தெட்டு அடி. அதே கொழுத்த மீன்கள்.

மூலையில் இருந்த சிறிய எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினான். கடையில் வாங்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காக உள்ளே வைத்திருக்கும் படம் அது என்று பிரெஞ்சில் சொன்னான். ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அருளப்பு அண்ணைக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் 'டெமோ' எந்த மொழியிலும் டெமோதான்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, "அண்ணை, நான் சொன்னது பிழை" என்றேன்.

"எது, ஆழமோ?"

"இல்லை. மற்றது."

வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம்" என்றார். "அது பிழைதான்." விளக்கு பச்சையானது. "பிள்ளையளின்ர விசயம் வேற. அதை இதோட சேர்க்க மாட்டன். பயப்பிடாமல் ஓட்டுங்கோ."

வீட்டில் மீன் குழம்பில் அவித்த முட்டை மிதந்தது. மீன் எங்கே என்று நிலா கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன், அவரே கதையை ஆரம்பித்தார். நான் திரையைச் சுட்டிய விதத்தை அவர் நடித்துக் காட்ட, நிலா சிரித்துப் புரையேறிப்போனாள்.

அடுத்த கோடையில் கலியாணம் நடந்தது. இப்போது நான் எதையாவது அடித்துச் சொன்னால், மருமகன் பணிவாகக் கேட்பான்: "மாமா, இது டெமோவோ?"

அருளப்பு அண்ணை இப்போது மகனோடுதான் இருக்கிறார். நாலு பேர் கூடினால் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். ஒவ்வொரு முறையும் "மெஷின் சில நேரம்" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, கோப்பையை எடுத்து ஒரு வாய் தேநீர் குடிப்பார். பிறகு நேரே, லூக் முழங்காலளவு தண்ணீரில் நின்ற இடத்துக்குப் போய்விடுவார். நடுவில் நான் சொன்ன ஒரு வசனம் இல்லை என்பது எங்கள் இருவரைத் தவிர இதுவரை ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் சிரிப்பதற்காகக் காத்திருக்கும் அந்த ஒரு வாய்த் தேநீர் நேரம், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.