டிவிக்குள் ஆவி

கானா நாட்டுத் தலைநகர் அக்ராவின் சர்க்கிள் சந்தையில் அப்போது ஆவி இல்லாத பழைய டிவிக்குப் பெரிய தட்டுப்பாடு. ஐரோப்பாவில் செத்த கிழவர்களெல்லாம் சொர்க்கத்துக்குப் போகாமல், தங்கள் டிவிக்குள் புகுந்து கப்பலேறி வருகிறார்களாம். கண்டுபிடித்தவர் தீர்க்கதரிசி ஒபாடியா. விசாவுக்காகத் தூதரக வாசலில் காய்கிற நாங்கள், செத்தவர்கள் விசா இல்லாமல் வருவதை நம்பினோம்.

முதுகு பெருத்த அந்த டிவிகளின் திரையில் ஒபாடியா கை வைப்பார். ஊதாவும் பச்சையுமாகக் கறை படரும். கூட்டம் நடுங்கும். ஜெபித்துவிட்டு, டிவியை அணைத்து மறுபடி போடுவார். 'தம்' என்று ஓர் அதிர்வு, திரை தெளிந்துவிடும். ஆவிக்கும் சுவிட்சுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. காணிக்கை எடுத்துக் கொடுக்கவே எங்கள் கை சரியாக இருந்தது. ஆவி பொல்லாததென்றால் டிவியையே விட்டுவிட்டுப் போகவேண்டும். சில நாளில் அது டெட்டேயின் கடையில் 'பரிசுத்தமானது' என்ற சீட்டோடு நிற்கும். டெட்டே வேறு யாருமில்லை, தீர்க்கதரிசியின் மைத்துனர்.

எனியோனம் அந்தக் கடைக்கு இறந்துபோன கணவனின் டிவியைக் கொண்டுவந்தாள். அதைக் கொடுத்து ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வாங்கி, குளிர்ந்த தண்ணீர் விற்றுப் பிழைக்க எண்ணம். ஆவி சோதனை முடியாமல் தொடமாட்டேன் என்றார் டெட்டே. ஒபாடியா கை வைத்தார். கறை படர்ந்தது.

"உன் புருஷன்தான் மகளே. விக்கிறியேன்னு கோபமா இருக்கான். டிவியை இங்கேயே விட்டுட்டுப் போ."

அவள் கணவன் செலோர்ம் உயிரோடிருந்தவரை அவளை அதட்டிப் பேசியதில்லை. அவள் அழுதுவிட்டாள். ஒபாடியா அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து, கையை எடுத்தார். கூடவே அவள் கொண்டை ஊசியும் வந்தது. அவருடைய பெரிய மோதிரத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

அழுகை நின்றது.

"ஐயா, மோதிரத்தைக் கழட்டிட்டு அந்த டிவியில கை வைங்க," என்று கடையில் ஓடிக்கொண்டிருந்த 'பரிசுத்தமான' டிவியைக் காட்டினாள்.

அபிஷேக மோதிரம், கழற்றக்கூடாது என்றார் அவர். மூட்டை தூக்கும் இருவர் அவர் கையைப் பிடித்துக் கழற்றினார்கள். வெறுங்கையை வைத்தார். ஒன்றுமில்லை. எனியோனம் மோதிரத்தை வாங்கித் திரையருகே கொண்டுபோனாள். ஊதாவும் பச்சையும் பொங்கின.

"என் புருஷன் இதுக்குள்ளயும் வந்துட்டாரா, இல்ல இது காந்தமா?"

சந்தையே சிரித்தது. அணைத்துப் போட்டால் அந்த டிவிகள் காந்தக் கறையைத் தாமே கலைத்துக்கொள்ளும் என்பது ரிப்பேர்க்காரர்களுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கூட்டத்தில் நழுவப் பார்த்த ஒபாடியாவை, காணிக்கை கொடுத்தவர்களே பிடித்து உட்காரவைத்தார்கள். டெட்டே டிவியை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜைக் கொடுத்தார். வாங்குவதற்கு முன் எனியோனம் அதைத் திறந்து, ஓடவிட்டு, கை நீட்டிக் குளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

நாங்களும் அப்படித்தான். பழைய சாமான் வாங்கும்போது மூடியைக் கழற்றி, கம்பி கம்பியாகச் சோதிப்போம். சாமியார் வந்தால் மட்டும் முதலில் மூளையைக் கழற்றி வைத்துவிடுவோம்.