பாவம் உறிஞ்சும் இயந்திரம்

ஊருக்கு ஒரு புது வசதி வந்து சேர்ந்தது. இனிமேல் செய்த தப்பை யாரும் திருத்த வேண்டியதில்லை, உறிஞ்சி எடுத்துவிடலாம். தரைத் தூசியை இழுக்கும் மின்சார இயந்திரம் இருக்கிறதே, அதன் குழாயை உச்சந்தலையில் வைத்து, "உம், சொல்லுப்பா" என்பார் உறிஞ்சியார். ஊருக்குப் புதிதாக வந்த சாமியாருக்கு மக்கள் பக்தியோடு வைத்த பெயர் அது. வந்தவர் தன் பாவத்தைச் சொல்லச் சொல்ல இயந்திரம் காட்டுக்கத்தல் கத்தும். சொன்னது பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது, சாமிக்கும் கேட்காது. கேட்காமலே மன்னிக்கிறவர் கிடைத்தால் கூட்டத்துக்குக் கேட்பானேன்?

முடிந்ததும் தூசிப்பையைத் திறந்து ஒரு பிடி கரியை அள்ளிக் காட்டுவார். "பாரு, எவ்வளவு அழுக்கு உனக்குள்ள." பார்த்தவர் கண்கலங்கிக் காணிக்கை வைப்பார். பால்காரர் வாரம் தவறாமல் வந்தார். அவர் மனசு பளிங்காகிவிட்டது. பாலில் தண்ணீர் மட்டும் குறையவில்லை.

கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரும் வந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவர். சிமென்டில் கை வைத்து, கம்பியிலும் கை வைத்து, மிச்சத்தில் கூரையை முடித்தவர். அவர் மனைவி அதே பள்ளியில், அதே கூரைக்குக் கீழே, சின்னக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர். ஒரு நாள் பாடம் நடக்கும்போதே மேலேயிருந்து ஒரு சிமென்ட் கட்டி விழுந்து ஒரு குழந்தையின் சிலேட்டை உடைத்தது. டீச்சருக்கு உயிரே போய் வந்தது.

"இடிச்சுட்டு ஒழுங்காக் கட்டிக் குடுங்க" என்றாள் வீட்டில்.

"பயப்படாதம்மா. அந்தப் பாவத்தை நேத்தே எடுத்தாச்சு. இனி கூரை விழாது."

"பாவம் போனா சிமென்ட் வந்துடுமாங்க?"

"நீ படிச்சவ. உனக்கு நம்பிக்கை வராது" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கப் போனார். குறட்டை வேறு விட்டார்.

அடுத்த கூட்டத்துக்குப் புருஷனோடு டீச்சரும் போனாள். மண்டபம் நிரம்பி வழிந்தது. அவர் தலையில் குழாய் ஏறியதும் கை தூக்கினாள்.

"சாமி, மெஷினை நிறுத்திட்டுப் பள்ளிக்கூடக் கூரைப் பாவத்தை இன்னொரு தடவை கேளுங்க. உங்க சக்திக்குச் சத்தம் எதுக்கு?"

கூட்டம் ஆமாம் போட்டது. சாமிக்கு வேறு வழியில்லை. ஒப்பந்தக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பள்ளிக்கூடக் கூரையில் பாதிச் சிமென்டும் பாதிக் கம்பியும்தான் போட்டதாகச் சொன்னார்.

"அவ்வளவுதானே" என்றார் உறிஞ்சியார். "எடுத்துட்டேன். அந்தக் கூரை இனி மலை மாதிரி நிக்கும். குழந்தைங்க தைரியமா உக்காரலாம்."

"ரொம்ப சந்தோஷம் சாமி" என்றாள் டீச்சர். "இந்த மண்டபத்தையும் இவர்தானே உங்களுக்குக் கட்டிக் குடுத்தாரு. இது எந்தக் கலவைன்னும் கேட்டுடுங்க."

அவள் குருட்டாம்போக்கில்தான் கேட்டாள். ஒப்பந்தக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"அது வந்து... இதுல இன்னும் கொஞ்சம் கம்மி சாமி."

உறிஞ்சியார் மெதுவாக மேலே பார்த்தார்.

"உக்காருங்க சாமி" என்றாள் டீச்சர். "இதையும் உறிஞ்சிட்டா ஆச்சு. இதோ, நானே போடுறேன்." சுவிட்சைத் தட்டினாள். இயந்திரம் கத்திய கத்தலில் கூரையிலிருந்து ஒரு சிட்டிகை மணல் உதிர்ந்து சாமியின் மூக்கில் விழுந்தது.

அவ்வளவுதான். முக்காலமும் உணர்ந்தவர் மூன்றே தாவலில் வாசலுக்கு வெளியே நின்றார். குழாய் கழுத்தைச் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையும் கூடவே இழுத்துப் போனது. பின்னாலேயே கூட்டமும் விழுந்தடித்து ஓடியது. வெளியே தூசிப்பை கிழிந்து, மூட்டை அளவு அடுப்புக்கரி தெருவில் கொட்டியது.

"அடப்பாவி, இடிச்சுட்டு வேற கட்டுடா" என்று ஒப்பந்தக்காரரின் சட்டையைப் பிடித்தார் சாமி.

"பாவம்தான் போயிடுச்சே, எதுக்கு சாமி இடிக்கணும்?" என்று கேட்டாள் டீச்சர்.

சாமி சட்டையைப் பிடித்த பிறகுதான் ஒப்பந்தக்காரருக்கு உறைத்தது. மறுநாளே பள்ளிக் கூரையை இடிக்க ஆள் விட்டார். குழந்தைகள் மரத்தடியில் பத்திரமாக உட்கார்ந்து படிக்கிறார்கள்.

பால்காரர் மட்டும் விடவில்லை. "நம்மளக் காப்பாத்தத்தான் சாமி முதல்ல ஓடினாரு" என்கிறார். உறிஞ்சியார் இப்போது பக்கத்து ஊரில் துணிக் கூடாரத்தில் தொழில் நடத்துகிறார். தன் தலை என்றதும் அவரே யோசித்துவிட்டார். உங்கள் பிள்ளைகளின் தலைக்காக நீங்கள் எப்போது யோசிக்கப் போகிறீர்கள்?