நைனாவின் காகிதங்களுக்கு ஒரு ரூம்

தகப்பனார் காலமானால் பிள்ளை எத்தனை நாள் தீட்டுக் காக்க வேண்டும், எந்தத் திதியில் பிண்டம் வைக்க வேண்டும் என்றெல்லாம் பெரியவர்கள் தெளிவாக வகுத்து வைத்திருக்கிறார்கள். அவருடைய சொத்தைப் பிரித்து முடித்த பிறகு அந்தக் காகிதங்களை எத்தனை காலம் காக்க வேண்டும் என்பதை மட்டும் எவரும் வகுக்கவில்லை. இந்தக் குறையினால், பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தணிகாசலம் என்கிற நல்ல மனிதர் கெட்டுப்போன வரலாறு இது.

தணிகாசலம் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நைனா முனுசாமி விட்டுப்போன நஞ்சை, அவருக்கும் தங்கை ஜோதிலட்சுமிக்கும் சண்டையில்லாமல் பிரிந்தது. பட்டாவும் மாறியது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், இவற்றை வாங்கக் கொடுத்த மனுக்கள், மனுக்கள் கிடைத்ததற்கான ஒப்புகைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வீட்டின் ஒரே ரூமில் தங்கின. மனிதர்கள் கூடத்தில் தங்கினார்கள்.

இந்த நிலையில் மகள் இளமதிக்கு ஏழாம் மாதம் நெருங்கியது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவேண்டும்.

"வர்றவங்க போறவங்க நடுவுல பொண்ணு கூடத்துலயா படுக்கும்? ரூமைக் காலி பண்ணுங்க," என்றாள் மனைவி கன்னியம்மா.

"பண்ணிடலாம். எதை வச்சிக்கணும், எதைத் தூக்கிப் போடணும்னு ஒரு வார்த்தை கேட்டுக்கினு வந்துடறேன்."

கேட்கப் போனதுதான் தப்பு.

திருவள்ளூரில் 'காகிதக் காப்பு மற்றும் ஒழிப்பு ஆலோசனைப் பிரிவு' என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கே அது சந்தேகம்தான். அதன் அதிகாரி பூவராகவன் மிகுந்த பொறுமையுடன் விளக்கினார்.

"தேவையில்லாத காகிதத்தைத் தாராளமா அழிக்கலாம்."

"எது சார் தேவையில்லாதது?"

"கொண்டாந்து காட்டுங்க, பார்த்து எழுதித் தர்றோம். ஆனா காட்டிட்டீங்கன்னா அது அலுவலகத்துல தாக்கலான காகிதம் ஆயிடும். தாக்கலான காகிதத்தை அழிக்கக் கூடாது."

"காட்டாம அழிச்சிட்டா?"

"ஆவணத்தை மறைச்சதா ஆயிடும்."

"அப்போ எத்தினி வருசம் சார் வச்சிக்கினு இருக்கிறது?"

"நீங்க இருக்கிற வரைக்கும்."

"அப்பால?"

"அப்புறம் உங்க காகிதமும் சேர்ந்துடும். ரெண்டையும் உங்க வாரிசு வச்சிக்கணும்."

"உங்க ஆபீசுல எத்தினி வருசம் சார்?"

"மூணு. எங்களுக்கு இடம் பத்தலைங்க," என்றார் பூவராகவன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மாப்பிள்ளை பரத்துக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இந்தக் கால நாகரிகப்படி காகிதத்தையே தொடாதவர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடப் படம் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, முனுசாமியின் வாழ்நாள் முழுவதையும் செல்போனில் படம் பிடித்தார்.

"எல்லாம் மேலே கிளவுட்ல ஏத்தியாச்சு மாமா. இனிமே இது வெறும் குப்பை."

மனம் குளிர்ந்துபோன தணிகாசலம் மறுநாளே இந்தச் செய்தியைத் திருவள்ளூருக்குக் கொண்டுபோனார். பூவராகவன் கண்ணை மூடி யோசித்தார்.

"மேலே ஏத்துனது நகல். நகலுக்கு ஆதாரம் அசல். அதனால அசல் இருக்கணும். மேலே இருக்கிறதையும் மூணு செட் ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்து வாங்கி, அசலோட வச்சிடுங்க."

மூட்டைகள் கட்டிலின் மேலும் ஏறின. கன்னியம்மா அதைப் பார்த்து அழுதேவிட்டாள். "பொறக்கிற குழந்தையை எங்க போடறது? வாரிசு சர்ட்டிபிகேட் மேலயா?"

வருவது வரட்டும், காலையில் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவது என்று தணிகாசலம் முடிவு செய்தார். அந்தக் காலையில் அவர் தீப்பெட்டி தேடிக்கொண்டிருக்கையில் வாசலில் ஒரு ஜீப் நின்றது. பூவராகவன் அரக்கப்பரக்க இறங்கினார்.

"ஐயா, ஒண்ணையும் கொளுத்திடலியே? ஒரு எல்லைத் தகராறு. உங்க நைனா பத்திரத்துல சுத்தி இருக்கிற நிலத்துக்காரங்க பேரெல்லாம் இருக்கு. எங்க ஃபைலுக்கு மூணு வருஷம் ஆயிடுச்சு, அழிச்சிட்டோமுங்க. கொஞ்சம் பார்த்துச் சொன்னீங்கன்னா..."

சர்க்கார் ஜீப்பில் வந்த ஒருவர் தணிகாசலத்தை ஐயா என்று அழைத்தது அதுவே முதல் தடவை. அவர் உடம்பில் ஏதோ ஒன்று நிமிர்ந்தது.

"இது நாஷ்டா நேரம். பதினோரு மணிக்கு வாங்க," என்றார்.

பூவராகவன் தலையாட்டிவிட்டு ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். இந்தப் பதிலில் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதன்பிறகு எல்லைத் தகராறு என்று யார் திருவள்ளூர் போனாலும் தணிகாசலம் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ரூமுக்கு ஒரு மேசை வந்தது, மேசைக்கு ஒரு மணி வந்தது. ஆதார் நகல் கேட்டார், போட்டோ கேட்டார், போட்டோவில் காது தெரியவில்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பினார். ஆபீஸ்காரர்களைத் திட்டியே வளர்ந்த ஜனங்கள், நம்மூருக்கே ஆபீசு வந்துட்டுது என்று பூரித்தார்கள்.

வளைகாப்பு ஒரு வேலை நாளில் வந்துவிட்டதால் தணிகாசலத்தால் போக முடியவில்லை. கன்னியம்மாதான் போய் மகளை ஆட்டோவில் அழைத்து வந்தாள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு இளமதி மூச்சு வாங்க ரூம் வாசலில் நின்றாள்.

"அப்பா, காலெல்லாம் வீங்கிக்கினு இருக்கு. கொஞ்சம் படுக்கணும்."

மகளைப் பார்த்ததும் தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. அது நிஜமான கண்ணீர். ஆனால் கை தானாக மேசை டிராயருக்குப் போயிற்று.

"ரூம் வேணும்னு ஒரு மனு எழுதிக் குடுத்துடும்மா. உனக்குன்னு தனியா செஞ்சா நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க."

கன்னியம்மா பையைத் தரையில் போட்டாள். "அது நீ பெத்த பொண்ணுய்யா."

"பெத்த பொண்ணுன்னா வரிசை இல்லியா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். "நாங்கல்லாம் காலையிலேர்ந்து நின்னுக்கினு இருக்கோம்."

பெஞ்சில் காத்திருந்த பூவராகவன்தான் மனசு கேட்காமல் எழுந்து இளமதிக்கு இடம் கொடுத்தார். தம் பேனாவையும் கொடுத்தார்.

"எழுதும்மா. ஐயா நல்லவரு, ரொம்ப அலைய விடமாட்டாரு," என்றவர், நிறைமாதம் போலிருந்த அவள் வயிற்றைப் பரிவோடு பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கர்ப்பமா இருக்கிறதுக்கு மட்டும் ஒரு சான்று இணைச்சிடு. சான்று இல்லாமத்தான் பாவம், எல்லாரும் திரும்பிப் போறாங்க."