கிளிக்கும் மைனாவுக்கும் வழக்கு

மைனாவைக் கோர்ட்டுக்கு இழுக்காமல் ஓய்வதில்லை என்று விரூபாட்ச ஷேடே மறுபடியும் சபதம் செய்தார். அவருக்கு இப்போதெல்லாம் சபதம் செய்வதே அசதியாக இருந்தது.

சோலாப்பூரில் அவருடைய கிளி மார்க் கடலைச் சட்னிப் பொடிக்கு அப்பா காலத்திலிருந்தே பெயர். பொட்டலத்தில் சிவப்பு மிளகாய் மேல் பச்சைக் கிளி இருக்கும். எதிர்வரிசையில் புதிதாக முளைத்தவன் அதே மிளகாய் மேல் ஒரு மைனாவை உட்காரவைத்தான். அதற்கும் பச்சை அடித்துவிட்டான். உலகத்தில் எந்த மைனா பச்சையாக இருக்கிறது? கிளியின் வியாபாரம் படுத்துவிட்டது. அப்பாவின் பெயர் தன் காலத்தில் போகிறதே என்று ஷேடேவுக்கு வயிறு எரிந்தது.

வக்கீல் பிங்களே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"படம் ஒண்ணுபோல இருக்கு, சரி. கிளின்னு நெனச்சு மைனாவை வாங்கி ஏமாந்த ஆள் ஒருத்தர் வந்து சொன்னா கேஸ் பலமா நிக்கும். கூட்டிட்டு வாங்க."

ஷேடே தெருத்தெருவாக அலைந்தார். மருந்துக்குக்கூட ஏமாந்தவர் அகப்படவில்லை.

"ஏமாறவெல்லாம் இல்லண்ணே. தெரிஞ்சேதான் மைனா வாங்கறேன்," என்றாள் பக்கத்து வீட்டு ஜக்தேவி. "கிளி கொஞ்சம் காறுது."

கால் ஓய்ந்து, கடைசியில் மனைவி பாகீரதியிடம் வந்து நின்றார். அவள் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ கோர்ட்டுல வந்து, கிளின்னு நெனச்சு மைனா வாங்கி ஏமாந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"பொய்யா?"

"பொய் இல்ல. நடந்திருக்கக்கூடிய உண்மை."

"உங்க சரக்கு உங்க பொண்டாட்டிக்கே தெரியலன்னா ஜட்ஜ் சிரிக்க மாட்டாரா?"

"உன் நாக்கு லட்சணம் அவ்வளவுதான்னு நான் சொல்லிக்கறேன்."

பாகீரதி தட்டில் சூடாக ஒரு ரொட்டியைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரண்டி சட்னி வைத்தாள்.

"சரி, வர்றேன். குறுக்கு விசாரணையில நான் முழிக்கக் கூடாதுல்ல? எது கிளி, எது மைனா, சொல்லிக் குடுங்க."

ஷேடேவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இடப்பக்கம் தொட்டு நக்கினார். கண்ணை மூடினார்.

"இது கிளி. கடலை இடிச்ச பதத்தைப் பாரு. எங்கப்பா கைமணம் அப்படியே நிக்குது." வலப்பக்கம் தொட்டு முகத்தைச் சுளித்தார். "சே, இது மைனா. மாடுகூடத் தொடாது."

"நல்லா ருசி பாத்துச் சொல்லுங்க."

"கோர்ட்டுலயே சத்தியம் பண்ணுவேன்."

"ரெண்டும் மைனாதாங்க," என்றாள் பாகீரதி, அடுத்த ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "நீங்க மட்டக் கடலை வாங்க ஆரம்பிச்சதுலேருந்து இந்த வீட்டுக்குக் கிளி வர்றதே இல்ல. தெனம் ரெண்டு வேளையும் அப்பா கைமணம்னு மைனாவைத்தான் சாப்பிடறீங்க."

ஷேடே பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"ஏமாந்த ஆள் கெடச்சாச்சுன்னு வக்கீலுக்கு நானே போன் போட்டுச் சொல்லிடட்டுமா?"