ஐம்பத்தேழாம் வாரமும் கோதண்டராமனின் அடிவயிறும்

கோதண்டம் ஏந்தாக் கோதண்டராமன், திருவிடந்தைக் கோயில் வாசலில் முப்பத்தெட்டாண்டு ஆட்டோத் தேர் செலுத்திய சாரதி, மீட்டரை மதியாத மாவீரன், பால்காரன் எதிரிலேயே பாலில் விரல் விட்டுப் பார்க்கும் ஐயப் பேரரசன், வாழ்க! அவன் அடிவயிறும் வாழ்க! செங்கல்பட்டுத் தியேட்டரில் அது பட்ட பாட்டை எந்தப் புலவனும் பாடவில்லை. பாடவும் மாட்டான், படித்தவனுக்கு வெட்கம் அதிகம்.

அந்தத் தியேட்டர்ப் போருக்கு நாற்பதாண்டு முன்கதை உண்டு. 'கருங்குகைக் கோமகள்' என்னும் மாயாஜாலத் தொடர்கதை வாரப் பத்திரிகையில் வந்த காலத்தில், சவாரிக்குக் காத்துக் கிடந்த நேரமெல்லாம் அதைப் படித்து, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, எண்பது வாரத்தையும் பைண்டு போட்டு வைத்தான் நம் வீரன். எண்பது என்பது பொய், எழுபத்தொன்பது. ஐம்பத்தேழாம் வாரம் புயலடித்தது, பஸ் ஓடவில்லை, பத்திரிகை வரவில்லை. ஐம்பத்தாறில் கோமகள் கார்மேகக் கூந்தல் அவிழ, கையில் ஒரு பிடி உப்போடு, ஆயிரங்கண் பூதம் காக்கும் கருங்குகை வாயிலில் நின்றாள். ஐம்பத்தெட்டில் மறுபுறம் வெளியே வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது, கையில் உப்பில்லை. உள்ளே நடந்தது என்ன? பத்திரிகை மூடிப்போயிற்று, கதை புத்தகமாக வரவே இல்லை. படித்ததாகச் சொன்ன நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். நாலு பேரையும் அவன் நம்பவில்லை.

அந்தக் கதை இப்போது படமாக வந்தது. கண்ணால் காண்பதை மட்டும் நம்பும் வீரன், மனைவி சரோஜா உடன்வரக் காலைக் காட்சிக்குப் புறப்பட்டான். வீட்டில் விழுங்கிய பிரஷர் மாத்திரையும், மாமல்லபுரத்தில் பஸ் மாறும்போது குடித்த டீயும், தியேட்டர் வாசலில் குடித்த இளநீரும் முப்படையாய்த் திரண்டு, இடைவேளை மணி அடிக்கும்போது அவன் இடுப்புக்குக் கீழே முற்றுகை இட்டுவிட்டன.

"போய்ட்டு வாய்யா, மூஞ்சியே ஒரு மாரி கீது" என்றாள் சரோஜா.

அரிமா முழங்கியது: "நீ சும்மா இரு. நாப்பதாவது வாரம் முடிஞ்சிச்சு, இனிமே எப்ப வேணா கொகை வரும். நா அந்தாண்ட போவேன், இவனுங்க இந்தாண்ட படத்த வுட்டுடுவானுங்க. எவனையும் நம்ப முடியாது!"

மந்தையாய் எழுந்த மாந்தர் மந்தையாய்த் திரும்பினர், கோதண்டராமன் அசையவில்லை. விளக்கணைந்தது. நாற்பத்தைந்து, ஐம்பது என்று வாரங்கள் திரையில் உருள உருள, உள்ளே அலைமேல் அலை மோத, அவனோ கால்மேல் கால் பின்னி, பல்லோடு பல் கடித்து, மூச்சைக் கயிறாக்கி, ஆடிமாதக் கோவளத்துக் கடலைத் தனியொருவனாய்க் கரைக்கு வராமல் கட்டி இழுக்கும் செம்படவன் போல் நின்றான், இல்லை, உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாத்த, கால ஆட்டாத. சீட்டு மொத்தமும் ஆடுது" என்றான் பக்கத்து இருக்கையில் மலைபோல் அமர்ந்திருந்த ஜான்சன் என்பவன்.

வந்தது குகை! கூந்தல் அவிழ்ந்தது. உள்ளங்கையில் உப்பு வெளுத்தது. நாற்பதாண்டுத் தவம் கண்விழித்த அந்நொடியில், டமடமவென்று மேளம் முழங்கி, பாட்டு தொடங்கியது.

உலகில் எதையும் நம்பாத அப்பெருமகன் ஒன்றை மட்டும் நம்பினான்: சினிமாப் பாட்டில் கதை நகராது. அறுபத்தாறு வயது வரை பார்த்த படமத்தனையும் அதற்குச் சாட்சி. பாதித் தியேட்டர் எழுந்து கதவை நோக்கி நடந்ததே, அது போதாதா? எழுந்தான் வீரன்! ஜான்சனின் முழங்கால் மலையைக் கடந்தான். ஒன்பது பேரின் செருப்புகளை மிதித்தான். வசைகளை மாலையாய் ஏற்றான். கழிவறை வரிசையில் மூவரை வயதைக் காட்டி வென்றான். மதகு திறந்த மதுராந்தகம் ஏரியெனப் பொங்கி, அடங்கி, முகம் மலர்ந்து மீண்டான்.

திரையில் வேறோர் ஆற்றங்கரை. கோமகள் நின்றாள். தலை நரைத்திருந்தது.

"கொகை எப்ப வரும்?" என்றான்.

"அதான் வந்துட்டுப் பூட்ச்சே! பாட்டுலயே உள்ள போய் வெளிய வந்துட்டா" என்றாள் சரோஜா.

"பூதம்?"

"இருந்துச்சு. உப்ப இன்னாமோ பண்ணா, அது அழுவுது. நா பையில தண்ணி பாட்டில தேடிகினு இருந்தேன், செரியா பாக்கல."

"செம சீன் அண்ணாத்த!" என்று ஜான்சன் அவன் பக்கம் சாய்ந்தான். "அந்த உப்ப எடுத்து அவ இன்னா பண்ணான்னா..."

"வாய மூடு!" இடியென முழங்கி இரு காதையும் பொத்தினான் கோதண்டராமன். "நீ அஞ்சாவது ஆளு!"

குலைந்த கோட்டையின் உச்சியில் கொடியிழந்து நிற்கும் கோவேந்தன்போல், நாற்பதாண்டுக் காத்திருப்பும் நாலரை நிமிடப் பாட்டில் கரைந்துபோன பெருந்துயரைத் தோளில் சுமந்து, எஞ்சிய இருபத்திரண்டு வாரங்களையும் இமைக்காமல் பார்த்து முடித்து, ஆன்றோர் அழ, அவனியே அதிர, அரங்கு விட்டு அகன்றான்.

கோதண்டராமன் மதியக் காட்சிக்கு ஒரு டிக்கெட் எடுத்தார்.