அம்மனிடம் இருக்கும் அடையாள அட்டை

"அம்மா, என்ர ஐ.சி. எங்க?"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆர்த்திகா இந்தக் கேள்வியைக் கேட்டாள். திங்கட்கிழமை உயர்தரப் பரீட்சை. மருத்துவ பீடத்துக்காக அவள் எழுதும் மூன்றாவது தடவை. அதற்கு மேல் எத்தனை தடவை எழுதினாலும் பல்கலைக்கழகம் திரும்பிப் பார்க்காது.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த புஸ்பம் கையை நிறுத்தவில்லை.

"அது அம்மனிட்ட இரிக்கு."

"எந்த அம்மனிட்ட?"

"நம்மட கண்ணகை அம்மனிட்டத்தான். வைகாசியில கதவு திறந்த நேரம் உள்ளுக்கு வெச்சன். நேர்த்திக்கடன்."

ஆர்த்திகா அப்படியே குசினிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் அந்த ஊரின் கண்ணகை அம்மன் கோயில் கதவு வருடத்துக்கு ஒரு முறைதான் திறக்கும். வைகாசியில் சடங்கு நடக்கும், கடைசி நாள் அம்மனின் கோபம் ஆறக் குளிர்த்தி பாடுவார்கள், கதவை அடைப்பார்கள். அடைத்தால் அடுத்த வைகாசிதான். இப்போது கார்த்திகை, வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நேர்த்தி பலிக்காது."

இதற்கு மேல் என்ன கேட்பது? அடையாள அட்டை இல்லாமல் வந்தால் மண்டபப் படியிலேயே கால் வைக்க வேண்டாம் என்று ரியூசன் வகுப்புச் சேர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட்டும் இல்லை, சாரதி அனுமதிப்பத்திரமும் இல்லை. பாசிக்குடா ஹோட்டலில் சமையல் வேலை செய்யும் தகப்பனுக்கு ஆர்த்திகா போன் எடுத்தாள். "கொம்மாவைக் கேள் மகள், அவவுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார் அவர்.

ஆர்த்திகாவின் கதை ஊருக்கே தெரிந்த கதை. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்த அன்றே ஊர் அவளை டொக்டராக நியமித்துவிட்டது. முதல் தடவை வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்தபோது சாவீட்டுக்கு வருவது மாதிரி வந்து உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாம் தடவை யாரும் வரவில்லை. கடையடியில் நின்று பேசினார்கள். போன் பார்த்தே கெட்டாள் என்றார்கள், யாரோ பொடியன் இருக்கிறான் என்றார்கள். ஆர்த்திகா ஒன்பது நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. புஸ்பம் கதவடியில் சோற்றை வைத்துவிட்டு அங்கேயே குந்தியிருந்தாள்.

ஆகவே இந்தத் தடவை எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் இருபத்தொரு வயதிலேயே தன் கதை முடிந்தது என்று ஆர்த்திகா உறுதியாக நம்பினாள்.

தாயும் மகளும் ஒரு குடைக்குள் நனைந்துகொண்டு கிராம சேவகரிடம் போனார்கள். தனுஷா என்ற அந்தப் பெண் நல்லவள்.

"பயப்பிடாத தங்கச்சி. தொலைஞ்சு போச்செண்டு பொலிசில ஒரு முறைப்பாடு போட்டுக் கொப்பியைக் கொண்டு வா. நான் படம் ஒட்டிக் கடிதம் தாறன். அதக் காட்டி எழுதலாம்."

இவ்வளவுதானா என்று ஆர்த்திகாவுக்கு உயிர் வந்தது. பொலிசுக்குப் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கினாள்.

"ஐ.சி. தொலைஞ்சு போச்சு சேர்."

"எங்க வெச்சு?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"பஸ்ஸில."

புஸ்பம் குறுக்கே வந்தாள். "பொய் சொல்லாத மகள். சோதனைக்குப் போற புள்ள. சேர், அது தொலையல்ல. அம்மன்ட காலடியில பத்திரமா இரிக்கு."

சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார்.

"இரிக்கிற இடம் தெரிஞ்ச சாமானத் தொலைஞ்சதெண்டு எழுதேலாது அம்மா. ஆரும் தராம வெச்சிரிந்தா அவர்ர பேரில முறைப்பாடு எழுதலாம்."

"தராமலெண்டு இல்ல சேர். கோயில் பூட்டுத் திறப்பு வண்ணக்கர் அழகரத்தினம் அண்ணன்ட கையிலதான் இரிக்கு."

பேனை மறுபடியும் எழும்பியது. ஆர்த்திகா தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் வண்ணக்கரின் பெயர், முகவரி, போன் இலக்கம் மூன்றையும் புஸ்பம் சொல்லி முடித்துவிட்டாள்.

பின்னேரம் வண்ணக்கர் படலையடியில் வந்து நின்றார். கோயில் நிர்வாகத்தின் தலைவர் அவர். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நாப்பது வருசம் கோயில் பாத்த எனக்குப் பொலிசில இருந்து கோல் வருது புஸ்பம். நான் என்ன, புள்ளைர அட்டையக் களவெடுத்த நானா?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல அண்ணன். திறப்பு உங்கட கையிலயெண்டுதான் சொன்னன்."

"சரி. இனி ஏழு குடியும் கூடிச் சம்மதிக்காம அந்தத் திறப்பு என்ர வீட்டை விட்டு வெளிய வராது."

சனிக்கிழமை ஏழு குடியும் கூடியது. தாய்வழியில் வரும் ஏழு வகுப்பார், அவர்களுக்கு ஏழு தலைவர்மார், ஒவ்வொருவருக்கும் பின்னால் ஆட்கள். கோயில் மடத்தில் இருக்க இடமில்லை. ஆர்த்திகா ஒரு மூலையில் சிறுநீரகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, வெள்ளி காலை வாசித்த அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

ஆச்சரியமாக, எல்லோரும் இளகிப் போனார்கள்.

"ஊருக்கு ஒரு டொக்டர் வந்தா நமக்குத்தானே நல்லம்," என்றார் ஒரு தலைவர்.

"படிக்கிற புள்ளைக்காகத் திறந்தா அம்மன் கோவிக்கமாட்டா," என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் எழுந்து வந்து சாரத்தைத் தூக்கி, ஆறாத காற்புண்ணை ஆர்த்திகாவிடம் காட்டி, "இதுக்கு என்ன பூசலாம் மகள்?" என்று கேட்டார். அவள் புத்தகத்தை மூடிவிட்டுச் சீனி வியாதி இருக்கிறதா என்று விசாரித்தாள்.

வண்ணக்கரும் தலையாட்டினார். இனிச் சரி என்று எல்லோரும் எழும்பிய நேரத்தில் புஸ்பம் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி அண்ணன். கதவு திறக்கக்க முதலாவதா நிக்கிறது எந்தக் குடி?"

எழும்பிய எல்லோரும் மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

முதல் மரியாதை யாருக்கு என்பது அந்த ஊரில் பாட்டன் காலத்துப் பிரச்சினை. வைகாசியில் ஒருவாறு சமாளித்துக்கொள்வார்கள், கார்த்திகையில் திறப்பதற்கு முன்மாதிரி இல்லை. பகல் பன்னிரண்டுக்குப் பழைய செப்பேடு வந்தது. ஒரு மணிக்கு அந்தச் செப்பேடு பொய் என்றார்கள். இரண்டு மணிக்கு ஒருவர் மற்றவருடைய பாட்டியைப் பற்றி ஏதோ சொன்னார், மடத்தில் சால்வைகள் பறந்தன.

ஆர்த்திகா எழுந்து நின்றாள். ஏதோ சொல்லத்தான் நினைத்தாள், வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது.

"எனக்கு அட்டையும் வேணாம், டொக்டராகவும் வேணாம். ரெண்டு வருசமா நான் ஒழுங்கா நித்திரை கொள்ளல்ல. என்னை விட்டிருங்க."

சால்வைகள் தோளுக்குத் திரும்பின. கண்ணகை வாசலில் ஒரு பெண்பிள்ளை நின்று கண்ணீர் விட்டால் என்ன நடக்கும் என்பது ஏழு குடிக்கும் தெரியும். ஒரு நகரமே எரிந்த வரலாறு அது. ஐந்தே நிமிடத்தில் முடிவு வந்தது. எந்தக் குடியும் முன்னுக்கு நிற்பதில்லை, எல்லோரும் பிள்ளைக்குப் பின்னால் நிற்பது. ஞாயிறு காலை திறப்பது.

"கப்புகனார் இல்லாம ஆர் கதவத் தொடுற?" என்றாள் புஸ்பம். "அவர் போன கிழமையே மாங்கேணிக்கு மகள்ர வீட்ட போயிற்றார். முழங்கால் நோ வேற. இந்த மழைக்குள்ள மனிசன் வரமாட்டார்."

கப்புகனார் என்பவர் கோயில் பூசகர். அந்தக் கதவில் கை வைக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். காற்புண்காரரின் மகன் ஓட்டோவை எடுத்துக்கொண்டு மழைக்குள் மாங்கேணிக்குப் புறப்பட்டான். புஸ்பம் போகும் ஓட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. கப்புகனார் ஓட்டோவிலிருந்து இரண்டு பேர் தாங்க இறங்கினார். என்ன காரியம் என்று வழியில் யாரும் அவருக்கு ஒழுங்காகச் சொல்லவில்லைப் போலும், கூட்டத்தைக் கண்டு திகைத்தார். வண்ணக்கர் காரணத்தைச் சொல்லி, திறப்பை வெற்றிலையில் வைத்து நீட்டினார்.

கப்புகனார் வாங்கினார். கதவு வரைக்கும் போனார், திறப்பைத் துவாரத்துக்கு நேராகப் பிடித்தார், போடவில்லை. வாய்க்குள் எதையோ சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கூட்டத்தின் கடைசியில் புஸ்பம் கண்களை இறுக மூடிக் கைகூப்பி நின்றாள். தனக்காகத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்தபோது, மூன்று நாளாகத் தாயின் மேல் இருந்த கோபமெல்லாம் ஆர்த்திகாவுக்கு இறங்கிவிட்டது. பாவம், நேர்த்தி வைத்ததைத் தவிர அவள் என்ன பிழை செய்தாள்?

கப்புகனார் திரும்பி ஆர்த்திகாவைக் கிட்ட வரச் சொன்னார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்.

"அம்மன்ட கதவப் பொய்க்குத் திறக்க என்னால ஏலாது புள்ள, உள்ளுக்கு ஒரு அட்டையும் இல்ல, அது கொம்மாவிட்டத்தான் இரிக்கு, 'எழுதித் தவறினா ஊர் என்ர புள்ளையத்தான் ஏசும், எழுதாம விட்டா என்னையும் அம்மனையும் ஏசிப்போட்டுப் போகட்டும்' எண்டு போன கிழமை என்னிட்ட வந்து அழுதிற்றுப் போனா."