இடி அண்ணனின் தனி ஆல்பம்

விதிகள் எல்லாம் மக்களின் நன்மைக்காகவே எழுதப்படுகின்றன என்பதில் இடி அண்ணனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஏனென்றால் அவர் எந்த விதியையும் படித்ததில்லை. நாற்பது வருஷம் ராக் குழுவில் டிரம்ஸ் அடித்தவருக்குப் படிக்க ஏது நேரம்?

அத்தனை வருஷமும் மேடையின் கடைசியில், புகை மண்டலத்துக்குள் உட்கார்ந்து அடித்தார். முன்னால் நின்று பாடியவரின் தலைமுடியை உலகமே அறியும். இவர் முகம் மேடையில் எப்படி இருக்கும் என்று கட்டிய மனைவிக்கே தெரியாது. முன்பாட்டுக்காரர் மூட்டுவலியால் ஓய்வு பெற, குழு கலைந்தது. இடி அண்ணனுக்கு மனசுக்குள் ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. சாவதற்குள் சொந்தக் குரலில் ஒரு ஆல்பம் பாடிவிட வேண்டும். "இது அவர் குரல்" என்று நாலு பேர் சொன்னால் போதும். பாவம், அவ்வளவுதான் கேட்டார்.

வீட்டின் பின்னறையில் ஒலிப்பதிவு தொடங்கிய அன்றே, ஒலிக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி சத்தம் அளக்கும் மீட்டரோடு வந்து சேர்ந்தார்.

"குடியிருப்புப் பகுதியில சத்தம் பேச்சளவைத் தாண்டக் கூடாது சார். பதிவு முடியுற வரைக்கும் நான் கூடவே இருந்து கண்காணிக்கணும்னு உத்தரவு."

"இது ராக் இசை சார்!"

"தாராளமா வாசிங்க. சத்தம் மட்டும் வராமப் பாத்துக்கங்க."

"தெருவுல லாரி போகுதே, அது?"

"அது போக்குவரத்துத் துறை. அதுல நாங்க தலையிடுறது மரியாதை இல்ல."

வீட்டிலிருந்த போர்வையெல்லாம் டிரம்ஸ் மேல் ஏறியது. "ஏங்க, எல்லாத்தையும் இதுக்குப் போர்த்திட்டா நாம எதைப் போர்த்திக்கிறது?" என்று மனைவி கேட்டாள். அதற்கும் அதிகாரி உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்!" என்றார்.

'எரிமலையே எழுந்து வா' என்ற பாட்டை இடி அண்ணன், எரிமலை இன்னும் கொஞ்சம் தூங்கினாலும் பரவாயில்லை என்பதுபோல் பாடினார். மீட்டரின் முள் துள்ளியபோதெல்லாம் அதிகாரியிடமிருந்து ஒரு "ஷ்ஷ்!" விழுந்தது. அதுவும் பாட்டோடு பாட்டாகப் பதிவானது.

"அதையாவது அழிச்சிடலாமா சார்?"

"அதெப்படி? நான் கண்காணிச்சதுக்கு அதுதான் அத்தாட்சி. அழிச்சா ஆல்பமே செல்லாது."

இப்படியாக ஆல்பம் காதும் காதும் வைத்த மாதிரி வெளிவந்தது. மறுவாரமே ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனிக்காரர் போனில் குதித்தார்.

"அண்ணே, கொண்டாடுறாங்க!"

"என் குரலையா?"

"குரலா? பாடியிருக்கீங்களா? நான் அந்த 'ஷ்ஷ்'ஷைச் சொல்றேண்ணே!"

'இந்நூற்றாண்டின் கூச்சலுக்கு எதிராக உயர்ந்த ஒற்றை விரல்' என்று எழுதினார் ஒரு விமர்சகர். இன்னொருவர் இரண்டு 'ஷ்ஷ்'களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தைக் கேட்டு அழுததாகத் தெரிவித்தார். நாகரிகம் தெரிந்தவர்கள் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்து "ஷ்ஷ்" என்றார்கள். விரல் படம் போட்ட சட்டைகள் விற்றுத் தீர்ந்தன. வாத்தியார்கள் காலங்காலமாக இதையேதான் செய்துவருகிறார்கள் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அதிகாரிக்குப் பதவி உயர்வும் ரசிகர் மன்றமும் ஒரே நாளில் கிடைத்தன.

இடி அண்ணனுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் பெரிய அரங்கில் கச்சேரி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே வீடுகள் இல்லை, போர்வைகள் தேவையில்லை.

"இன்னைக்கு என் குரலைக் கேப்ப பாரு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மேடையேறி, அடிவயிற்றிலிருந்து முதல் வரியை எடுத்தார்.

பத்தாயிரம் பேர் பக்தியோடு விரலை உதட்டில் வைத்து, ஒரே நேரத்தில், "ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்!" என்றார்கள்.

மீட்டரின் முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. மீட்டரும் கையுமாக முன்வரிசையிலிருந்த அதிகாரி எழுந்து நின்றார். கடமை என்று வந்துவிட்டால் ரசிகர் மன்றமாவது, மண்ணாவது! அத்தனை பேருக்கும் அபராதம் என்று அறிவித்தார். அரங்கமே துள்ளிக் குதித்தது. மறுநாள் ரசீதைச் சட்டம் போட்டு மாட்டாத வீடு இல்லை. கச்சேரிக்கு வராதவர்கள், 'நாங்களும் வீட்டிலிருந்தபடியே சத்தம் போட்டோம், எங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பாரபட்சம்?' என்று மனுக் கொடுத்தார்கள். அவர்களுக்கென்று தனி கவுன்டர் திறக்கப்பட்டது.

இடி அண்ணனும் மனைவியோடு வரிசையில் போய் நின்றார். ஓர் அபராத ரசீது கிடைத்தால் போதும், தான் பாடியது அரசாங்கமே ஒப்புக்கொண்ட உண்மையாகிவிடும்.

அதிகாரி தேடிப் பார்த்தார். "உங்க பேர்ல ஒண்ணும் இல்லையே சார்."

"தொண்டை கிழியப் பாடினேன்யா!"

"மீட்டர்ல ஏறலையே. மீட்டர்ல ஏறாத சத்தம் சத்தமே இல்ல சார். அரங்கத்துலயே அமைதி காத்த ஒரே ஆள் நீங்கதான். உங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் தயாராகிட்டிருக்கு."

"எனக்குப் பத்திரம் வேணாம். நான் பாடினேன்!"

"அப்போ சாட்சி வேணும். உங்க குரலைக் காதால கேட்டேன்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும், இப்பவே அபராதம் போட்டுத் தர்றேன்."

இடி அண்ணன் வெற்றியோடு மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. முன்வரிசையிலதான உக்காந்திருந்த?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, நாலாக மடித்து வைத்திருந்த தன் ரசீதை மெதுவாக எடுத்துக் காட்டினாள்.

"எல்லாரும் சொன்னாங்களேங்க..."